பேயைவிடக் கதைசொல்லிதான் பயங்கரம்

1860இல் வெளிவந்த 'தி மார்பிள் ஃபான்' நாவலின் முன்னுரையில் அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன் ஒரு குறை சொல்கிறார். என் நாட்டை வைத்துக் கற்பனைக் கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இங்கே நிழல் இல்லை, பழமை இல்லை, மர்மம் இல்லை, இருண்ட அநியாயம் என்று எதுவுமே இல்லை. பட்டப்பகல் வெளிச்சத்தில் சாதாரணமான செழிப்பு மட்டும்தான் இருக்கிறது. இதுதான் அவர் புலம்பல். அதே 1860இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். மறு ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது.

அமெரிக்கத் திகில் கதைகளைப் பாடமாகப் படிப்பவர்கள் இந்த முன்னுரையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஹாதார்ன் ஒன்றும் தெரியாதவர் அல்ல. 1804இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் ஊரில் பிறந்தவர். 1692இல் அந்த ஊரின் பெயரால் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் உடம்பின் மேல் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஹாதார்னின் எள்ளுத்தாத்தா. இவர் தன் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டதே அந்தக் கறையிலிருந்து தள்ளி நிற்கத்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். 1850இல் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் முகப்புப் பகுதியில், முன்னோர்களின் வெட்கக்கேட்டைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதாகவும், குடும்பத்தின் மேல் சாபம் ஏதாவது இருந்தால் அது விலகட்டும் என்றும் எழுதியிருக்கிறார். பத்தே வருஷத்தில் 'இருண்ட அநியாயம் எதுவுமில்லை' என்கிறார். தெரிந்துகொண்டே இப்படிப் பேசும் குரலை அமெரிக்க கோதிக் சிறுகதைகளில், அதாவது இருண்ட திகில் கதைகளில், திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது அமெரிக்க இலக்கியத் தாளுக்குக் கையில் இருந்தது ஒரு கைடு. அதன்படி கோதிக் என்றால் பாழடைந்த வீடு, இடி மின்னல், சவப்பெட்டி, பைத்தியம். அப்புறம் குறியீடுகள். கண் எதற்குக் குறியீடு, பூனை எதற்குக் குறியீடு, வீட்டுச் சுவரில் விழுந்த விரிசல் எதற்குக் குறியீடு. பரிட்சை எழுத அது தாராளமாகப் போதும். ஆனால் ராத்திரி அந்தக் கதைகளை மறுபடி எடுத்துப் படித்தபோது பயம் வேறு எங்கிருந்தோ வந்தது. இதை யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், எதை விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே படித்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.

முதலில் ஒரு நடைமுறை விஷயம். இந்த வகை எழுத்து அமெரிக்காவில் நாவலைவிடச் சிறுகதையில் செழித்ததற்குப் பணமும் ஒரு காரணம். 1891 வரை அங்கே வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குக் காப்புரிமை கிடையாது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் டிக்கன்ஸ் நாவலை ராயல்டி கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் அச்சடித்து விற்றார்கள். அப்படி இருக்கும்போது காசு கொடுத்து உள்ளூர்க்காரரின் நாவலை யார் வாங்குவார்கள்? உள்ளூர் எழுத்தாளர்களுக்கு மிஞ்சியது பத்திரிகைகள். எட்கர் ஆலன் போ பிழைத்தது பத்திரிகைகளில்தான். ஆசிரியர் வேலையும் பார்த்தார். ஹாதார்னின் சிறுகதைத் தொகுப்புக்கு 1842இல் எழுதிய மதிப்புரையில், உரைநடை வகைகளில் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய கதையே உயர்ந்தது என்று வாதாடுகிறார். அந்த நேரத்துக்குள் வாசகனின் மனம் எழுத்தாளனின் பிடியில் இருக்க வேண்டும், முதல் வாக்கியத்திலிருந்தே ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும். அழகியல் கொள்கைதான், ஆனால் பக்கக் கணக்குப் பார்க்கும் பத்திரிகைக்காரனின் புத்தியும் அதில் இருக்கிறது.

1843 ஜனவரியில் வந்த 'தி டெல்-டேல் ஹார்ட்' சில பக்கக் கதைதான். ஒருவன் தன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் கிழவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் மறைக்கிறான். போலீஸ்காரர்கள் முன்னால் கிழவரின் இதயம் துடிப்பதாகக் கேட்டுத் தானே உளறிவிடுகிறான். கதைச் சுருக்கம் எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது, அவன் நம்மிடம் எதை நிரூபிக்கப் பார்க்கிறான் என்பதை. கொலை செய்யவில்லை என்று அவன் சொல்லவே இல்லை. எவ்வளவு நிதானமாக, எவ்வளவு திட்டத்தோடு செய்தேன் பாருங்கள், என்னைப் போய்ப் பைத்தியம் என்கிறீர்களே என்றுதான் கேட்கிறான். கொலைகாரன் என்ற பட்டம் பரவாயில்லை, பைத்தியம் என்ற பட்டம்தான் அவனுக்கு உறுத்துகிறது.

காரணம் சொல்லும் இடத்தைப் பாருங்கள். அந்தக் கிழவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, அவருடைய தங்கத்தின் மேல் எனக்கு ஆசை இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, 'அவருடைய கண்தான் என்று நினைக்கிறேன்! ஆமாம், அதுதான்!' என்கிறான். அந்த 'நினைக்கிறேன்'தான் எனக்குக் கதையிலேயே மிகவும் கலக்கம் தரும் இடம். கொலை முடிந்துவிட்டது. அதற்கான காரணத்தை நம் எதிரிலேயே தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறான். கைடு அந்தக் கண்ணுக்கு அரைப் பக்கம் விளக்கம் தந்திருந்தது. 'நினைக்கிறேன்' பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'தி பிளாக் கேட்'. மறுநாள் தூக்கில் தொங்கப்போகிறவன் எழுதிவைக்கும் வாக்குமூலம் அது. குடித்துவிட்டுப் பூனையின் கண்ணைத் தோண்டி எடுத்து, பிறகு அதைத் தூக்கில் மாட்டி, கடைசியில் மனைவியின் தலையில் கோடாலியை இறக்கியவன், தன் கதையை 'சாதாரணமான சில வீட்டுச் சம்பவங்கள்' என்று அறிமுகப்படுத்துகிறான். பூனைக்குப் பெயர் இருக்கிறது, புளூட்டோ. மனைவிக்குக் கதை முழுக்கப் பெயர் கிடையாது. பூனை மறுபிறவியா, சாத்தானா என்று வகுப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். குறைப்படாத பொறுமைசாலி என்று தான் கொன்ற மனைவிக்கே சான்றிதழ் எழுதும் அந்தக் கை எந்தப் பூனையையும்விடப் பயங்கரமானது.

இப்போது சேலத்துக்கு வருவோம். ஹாதார்னின் 'யங் குட்மேன் பிரவுன்' 1835இல் வந்தது. கல்யாணமாகி மூன்று மாதமான இளைஞன், மனைவி ஃபெயித்தைத் தனியே விட்டு ஓர் இரவு காட்டுக்குள் போகிறான். அங்கே சாத்தானின் சபை கூடியிருக்கிறது. தனக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த கிழவி, பாதிரியார், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள், மனைவியும் கூட. இதில் வரும் கிழவி குடி கிளாய்ஸ் ('குடி' என்பது அந்தக் காலத்தில் மணமான பெண்ணின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் சொல்), பேச்சில் அடிபடும் குடி கோரி, சபையில் தென்படும் மார்த்தா கேரியர் எல்லாம் 1692இல் நிஜமாகவே குற்றம்சாட்டப்பட்ட பெண்களின் பெயர்கள். கிளாய்ஸ் உயிர் தப்பினார். மற்ற இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

சேலம் நீதிமன்றம் ஒரு விநோதமான சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. 'இன்னாருடைய ஆவி உருவம் ராத்திரி என் அறைக்கு வந்து என்னை அமுக்கியது' என்று யாராவது சொன்னால் போதும். அந்த இன்னார் அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது அவருக்கு எதிரான சாட்சியம்தான். விமர்சகர்கள் பலகாலமாகச் சுட்டிக்காட்டுவதுபோல, குட்மேன் பிரவுனிடம் இருப்பதும் இதே வகைச் சாட்சியம். காட்டில் கண்டது மனிதர்களா, சாத்தான் காட்டிய உருவங்களா, வெறும் கனவா என்று அவனுக்கே தெரியாது. கதைசொல்லியும் 'கனவுதானா?' என்று கேட்டுவிட்டு, 'வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்' என்று நகர்ந்துவிடுகிறார். பிரவுன் விசாரிக்கவும் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. ஊர் மொத்தத்தையும் மனதுக்குள் தண்டித்துவிட்டு, நடுராத்திரியில் திடுக்கிட்டு விழித்து மனைவியிடமிருந்து விலகிப் படுக்கிறான். அப்படியே கிழவனாகிச் சாகிறான். எள்ளுத்தாத்தாவின் நீதிமன்றத்தை ஹாதார்ன் ஒரு மனிதனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தவர் சார்ல்ஸ் செஸ்னட். பாடத்திட்டங்களில் போவுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைப்பதில்லை. 1858இல் கிளீவ்லேண்டில் பிறந்து, வட கரோலினாவின் ஃபயட்வில்லில் வளர்ந்த கறுப்பின எழுத்தாளர். பார்வைக்கு வெள்ளைக்காரர்போலவே இருப்பார், ஆனாலும் வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ மறுத்தவர். 'போ சாண்டி' ('பாவம் சாண்டி' என்று அர்த்தம்) என்ற அவருடைய கதை 1888இல் 'அட்லாண்டிக் மந்த்லி' பத்திரிகையில் வந்தது.

போர் முடிந்த பிறகு வடக்கிலிருந்து வந்து திராட்சைத் தோட்டம் வாங்கிக் குடியேறிய ஜான், அவன் மனைவி ஆனி. அவர்களிடம் வேலை பார்க்கும் ஜூலியஸ் என்ற முதியவர் முன்னாள் அடிமை. ஆனிக்குப் புதுச் சமையலறை வேண்டும். தோட்டத்தில் இருக்கும் பழைய பள்ளிக்கூடக் கொட்டகையை இடித்து அந்த மரத்தைப் பயன்படுத்தலாம் என்று ஜான் திட்டம் போடுகிறான். மரம் வாங்கப் போன மில்லில் ரம்பம் ஒரு கட்டையை அறுக்கும் சத்தம் கேட்டு ஜூலியஸ் நடுங்குகிறார். அந்தச் சத்தம் சாண்டியை நினைவுபடுத்துகிறதாம்.

சாண்டி நல்ல வேலைக்காரன். அதனால் முதலாளியின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவனைக் கேட்கிறார்கள். முதலாளி அவனை மாதக் கணக்கில் மாற்றி மாற்றி இரவல் கொடுக்கிறார். அப்படிப் போயிருந்தபோது அவன் மனைவியை ஒரு வியாபாரியிடம் கொடுத்து, பதிலுக்கு வேறொரு பெண்ணை வாங்கிவிடுகிறார். திரும்பி வந்த சாண்டிக்கு ஆறுதலாக ஒரு டாலர் தருகிறார். புதிதாக வந்தவள் டெனி. அவளோடு பிரியம் உண்டாகிறது. மறுபடியும் இரவல் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. ஒரே இடத்தில் நிற்க முடிந்தால் போதும், மரமாகவோ கல்லாகவோ இருந்தால்கூடப் பரவாயில்லை என்கிறான். டெனிக்கு மாந்திரீகம் தெரியும். அவனைப் பைன் மரமாக்கி, ராத்திரியில் மட்டும் மனிதனாக்கிப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் மரங்கொத்தி கொத்துகிறது, அன்று ராத்திரி அவன் கையில் தழும்பு. இன்னொரு நாள் யாரோ டர்பன்டைன் எடுக்க மரத்தைச் சீவுகிறார்கள், அவன் கால் உரிந்து கிடக்கிறது. பிறகு டெனியை நோயாளி பார்க்க வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். முதலாளிக்குப் புதுச் சமையலறை வேண்டும். ஆட்கள் அந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். திரும்பி வந்தவள் மில்லுக்கு ஓடுகிறாள். பைத்தியம் என்று அவளைத் தூணில் கட்டிவைத்துவிட்டு, அவள் கண் முன்னால் கட்டையை அறுக்கிறார்கள். அந்த மரம்தான் கடைசியில் இந்தப் பள்ளிக்கூடக் கொட்டகையானது என்கிறார் ஜூலியஸ்.

கேட்டு முடித்ததும் ஆனி மெதுவாகச் சொல்கிறாள்: இப்படியெல்லாம் நடக்க விட்ட அந்த ஏற்பாடு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! ஜானுக்கு ஆச்சரியம். எதெல்லாம் நடக்க? ஒரு மனிதன் மரமாக மாறுவதையா நிஜமாகவே நம்புகிறாய்? ஆனி, ஐயோ, அதைச் சொல்லவில்லை என்கிறாள்.

மாந்திரீகம் இந்தக் கதையில் சின்ன விஷயம். பொண்டாட்டியைக் கைமாற்றி ஒரு டாலர் கொடுத்ததுதான் பெரிய விஷயம், அதற்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை. கதையை எழுதிவைப்பவன் ஜான். படித்தவன், நல்லவன், கொஞ்சம் நகைச்சுவை உணர்வும் உண்டு. அவனுக்கு இதில் தெரிவதெல்லாம் கிழவரின் தந்திரம்தான். கடைசியில் அந்தக் கொட்டகையில் ஜூலியஸின் சபைக்காரர்கள் பிரார்த்தனைக் கூட்டம் நடத்த அனுமதி வாங்கிவிடுகிறார்கள், ஆக ஜான் சொல்வதும் சரிதான். ஒரே கதையை இரண்டு பேர் கேட்கிறார்கள், ஒருவருக்கு மட்டும்தான் காதில் விழுகிறது. 'அட்லாண்டிக்' வாசகர்கள் பெரும்பாலும் ஜானைப்போன்ற ஆட்கள் என்பதைச் செஸ்னட் நன்றாக அறிந்தே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

இன்னொரு ஜான் 1892இல் வருகிறார். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையில் கணவன், டாக்டர். குழந்தை பெற்றபின் மனம் சோர்ந்த மனைவியை ஒரு பழைய மாளிகையின் மேல்மாடி அறையில் ஓய்வுக்கு வைக்கிறார். எழுதக் கூடாது, வேலை செய்யக் கூடாது, யோசிக்கவும் கூடாது. கில்மனுக்கு நேர்ந்ததுதான் இது. 1887இல் ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் வெய்ர் மிட்சலிடம் சிகிச்சைக்குப் போனார். முடிந்தவரை வீட்டோடு இரு, அறிவு சம்பந்தப்பட்ட வேலை நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாழ்நாள் முழுக்கப் பேனாவையோ தூரிகையையோ தொடாதே என்று அனுப்பினார்கள். மூன்று மாதம் அப்படியே இருந்ததில் புத்தி பேதலிக்கும் விளிம்புக்குப் போனதாகக் கில்மன் பிற்பாடு எழுதினார்.

கதை மறைத்து எழுதும் டைரி. 'ஜான் வருகிறார், இதை எடுத்து வைக்க வேண்டும்' என்று ஒரு பகுதி முடிகிறது. அறையைப் பற்றி அவள் எழுதுவதைப் பாருங்கள். ஜன்னலில் கம்பிகள், சுவரில் வளையங்கள், தரையோடு ஆணி அடித்த கட்டில். குழந்தைகள் அறையாக இருந்திருக்கும் என்கிறாள். நமக்கு அது வேறு யாரையோ அடைத்துவைத்த அறைபோல் தெரிகிறது. போவின் கதைசொல்லி நம்மை ஏமாற்றப் பார்த்தான், நாம் நம்பவில்லை. இவள் உண்மையைத்தான் சொல்கிறாள், ஆனால் அவள் சொல்வதை நம்ப வேண்டியவர்கள் ஒருவரும் நம்பவில்லை. 'ஜான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், கல்யாண வாழ்க்கையில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான்' என்று ஒரு வரி. திகில் கதையில் இப்படி ஒரு வரியை எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். 'அட்லாண்டிக்' ஆசிரியர் இதைத் திருப்பி அனுப்பினார். இதைப் படித்து நான் துன்பப்பட்டதுபோல மற்றவர்களையும் துன்பப்படுத்தினால் என்னை நானே மன்னிக்க முடியாது என்று குறிப்பும் வைத்தார். பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம். கில்மன் இனவாதக் கருத்துகளையும் எழுதியவர் என்பதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்த மஞ்சள் நிறத்தையே அந்தக் காலத்து இனப் பயத்தோடு பொருத்திப் பார்க்கும் கட்டுரைகளும் உண்டு.

திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டைப் பற்றிக் கேட்பீர்கள். திகில் இலக்கியத்தின் வரலாற்றை அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் உபயோகமானது. கதைகளில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சொல்ல முடியாத பயங்கரம் என்று சொல்லிச் சொல்லியே பக்கத்தை நிரப்புகிறார், பிற இனத்தவர் மேல் இருந்த வெறுப்பும் வரிக்கு வரி கசிகிறது. ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

ஃபாக்னரின் 'எ ரோஸ் ஃபார் எமிலி' 1930. இதைச் சொல்வது ஓர் ஊர். 'நாங்கள்' என்றே கதை முழுக்கப் பேசுகிறது. மிஸ் எமிலி கடையில் ஆர்சனிக் வாங்கியது 'எங்களுக்கு' தெரியும். அவளுடைய காதலன் ஹோமர் பாரன் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குள் போனான், அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து நாற்றம் வந்தபோது, ஒரு சீமாட்டியின் முகத்துக்கு நேரே உன் வீடு நாறுகிறது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்து, ராத்திரியில் திருடர்கள்போல நாலு பேர் போய்ச் சுண்ணாம்பு தூவிவிட்டு வந்தார்கள். நாற்பது வருஷமாக யாரும் பார்க்காத ஓர் அறை மேலே இருப்பதும் ஏற்கெனவே தெரியும். அவளை மரியாதையாக அடக்கம் செய்து முடிக்கும் வரை காத்திருந்து கதவை உடைக்கிறார்கள். கட்டிலில் கிடக்கும் எலும்புக்கூடு எந்த வாசகனையும் திடுக்கிட வைக்கும். ஊருக்கு அது செய்தியாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த வீட்டில் எல்லாம் தெரிந்த இன்னொருவர் டோப், கறுப்பின வேலைக்காரர். எமிலி இறந்ததும் வந்தவர்களுக்கு முன்கதவைத் திறந்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விடுகிறார். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் அவரை யாரும் சேர்த்திருக்கவில்லை.

ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் வந்தது. கதை நடப்பதோ ஜூன் 27 காலை, அதாவது இதழ்த் தேதிக்கு மறுநாள். கிராமத்தார் கூடி, கறுப்புப் பெட்டியிலிருந்து சீட்டு எடுத்து, புள்ளி விழுந்த சீட்டு யாருக்கு வந்ததோ அவரைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். அந்தக் கோடையில் ஜாக்சனுக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அவற்றில் அன்பாகப் பேசியவை 13 மட்டுமே, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை. அவருடைய அம்மாவே, அப்பாவுக்கும் எனக்கும் உன் கதை கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று எழுதினார். பிற்பாடு ஜாக்சன் ஓர் உரையில் சொன்னது: முதலில் கடிதம் எழுதியவர்களுக்குக் கதையின் அர்த்தத்தைவிட, இந்த லாட்டரி எங்கே நடக்கிறது, போய் வேடிக்கை பார்க்க முடியுமா என்பதே தெரிய வேண்டியிருந்தது.

இதன் கதைசொல்லி ஊர்க் குறிப்பேடு எழுதுபவர்போலப் பேசுகிறார். யார் யாருடைய பிள்ளை, யாருக்குக் கால் உடைந்து வரவில்லை, பெட்டியை எந்த வருஷம் யார் கொட்டகையில் வைத்தார்கள், எல்லாம் தெரியும். பெயர் சொல்லாமல் யாரையும் விடமாட்டார். கடைசியில் டெஸி ஹட்சின்சனுக்குச் சீட்டு விழுகிறது. அவளுடைய சின்னப் பையன் டேவியின் கையில் 'யாரோ' சில கூழாங்கற்களைக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். ஊரில் அத்தனை பேரையும் அறிந்த ஆளுக்கு, இதைச் செய்தது யார் என்று மட்டும் பெயர் வரவில்லை.

இந்தக் கதைகளில் போ, ஹாதார்ன், செஸ்னட், கில்மன் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் 'தி டெல்-டேல் ஹார்ட்' படித்த கையோடு 'போ சாண்டி' படிக்கலாம். ஜூலியஸ் பேசுவதைச் செஸ்னட் தெற்கத்திக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கிலேயே எழுதியிருப்பதால் கண்ணால் மட்டும் படித்தால் முதல் பக்கத்திலேயே தடுக்கும். நோட்ஸைத் தேடிப் போகாமல் வாய்விட்டுப் படியுங்கள். நாலைந்து பத்திக்குள் காது பழகிவிடும்.